மெதுவாக வடியும் தண்ணீர்

குளியல் தொட்டி ஒரே நாளில் அடைத்துக்கொள்வதில்லை. முதல் வாரம் பாதம் நனைகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். தலை துவட்டி முடிப்பதற்குள் போய்விடும். இரண்டாவது வாரம் துணி மாற்றி முடித்த பிறகும் கொஞ்சம் நிற்கும். மூன்றாவது வாரம் கணுக்காலுக்கு வந்துவிடும், சோப்பு நுரை காலைச் சுற்றி மிதக்கும். நாலாவது வாரம் வெள்ளைத் தொட்டியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். வீட்டில் எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பார்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீர் முழுசாக நின்றுபோனால் உடனே ஆள் தேடுவோம். மெதுவாகப் போகிற தண்ணீரோடு மாதக்கணக்கில் குடும்பம் நடத்துவோம்.

என் துறையில் இதற்கு மெமரி லீக் என்று பெயர். ஒரு புரோகிராம் தான் வாங்கிய நினைவகத்தை முழுசாகத் திருப்பித் தராமல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். சர்வர் உடனே விழாது, மெதுவாகும். யாராவது ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். உள்ளே என்ன தேங்கிக் கிடக்கிறது என்று திறந்து பார்ப்பது எப்போதும் கடைசி வேலை.

நியூஜெர்சியில் நாங்கள் இருப்பது ஒரு பழைய வாடகை வீடு. இந்த வீட்டின் குளியல் தொட்டி இதுவரை இரண்டு முறை அடைத்திருக்கிறது. முதல் முறை, மகள் பிறந்து நாலு மாசம் ஆனபோது. இரண்டாவது முறை, அப்பா இறந்து ஐந்து மாசம் ஆனபோது. ஒரு பிறப்பு, ஒரு இறப்பு. கேட்பதற்கு ஜோதிடம் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே காரணம்தான், அது உடம்புக்குள் இருக்கிறது.

நம் தலையில் இருக்கிற முடிகளில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும், மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். மீதி ஒரு பங்கு வளர்வதை நிறுத்திவிட்டு, ஓய்வில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓய்வு ஏறக்குறைய மூன்று மாசம். பிறகு உதிரும். இப்படி ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்பு. ஆனால் உடம்பு பெரிய அடி ஒன்றைச் சந்திக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கிற முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். பிரசவம், கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, தாங்க முடியாத துக்கம் எல்லாம் அந்த அடியில் சேரும். அன்றைக்கு எதுவும் தெரியாது. ரெண்டு மூணு மாசம் கழித்து, எல்லாரும் தேறிவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில், முடி கொத்துக் கொத்தாய் வர ஆரம்பிக்கும். மருத்துவத்தில் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்கிறார்கள். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று என் மனைவிக்கு டாக்டர் சொன்னார். சரியாகவும் ஆனது. தொட்டிதான் தானாகச் சரியாகவில்லை.

*

முடி எங்கே போய் மாட்டுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் பிளம்பருக்குக் கொடுக்கிற காசில் பாதி மிச்சம்.

அமெரிக்க வீடுகளின் தொட்டி சாதாரணமாக ஐந்து அடி நீளம், இரண்டரை அடி அகலம். ஷவரும் அதற்குள்ளேதான். தரையில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு மூடி. ஓட்டைக்குள் குறுக்காக ஒரு உலோகச் சிலுவை இருக்கும். விழுகிற பெரிய சாமான்களைப் பிடிப்பதற்காக வைத்தது, ஆனால் முதல் முடி மாட்டுவது அதில்தான். அதற்குக் கீழே ஒன்றரை அங்குலக் குழாய். குழாய் கொஞ்ச தூரம் போய், யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கி வளைந்து, பிறகு ஏறும். அந்த வளைவுக்கு பி-ட்ராப் என்று பெயர். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. சாக்கடையின் வாயுவும் நாற்றமும் வீட்டுக்குள் ஏறி வராமல் தடுப்பது அந்த ஒரு கை தண்ணீர்.

வளைந்த குழாயில் தண்ணீரை நிறுத்தி நாற்றத்தை மறிக்கிற இந்த யோசனைக்கு 1775-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். கழிப்பறைக்காகச் செய்தார். தொழிலில் அவர் கடிகாரம் செய்பவர். அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு கருவியை ஒரு கடிகாரக்காரர் யோசித்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நம்ம ஊர்க் குளியலறையில் ஜாலிக்குக் கீழே இருக்கிற நஹானி ட்ராப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. சில நாள் பூட்டி வைத்த வீட்டைத் திறந்ததும் குளியலறை நாறுவது, அந்தக் கதவுத் தண்ணீர் ஆவியாகிப் போனதால்தான். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

தண்ணீரில் முடி கரையாது. முடி கெரட்டின் என்கிற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் குறுக்கே பூட்டி வைத்திருக்கின்றன. அதனால்தான் முடி அவ்வளவு சீக்கிரம் மக்குவதுமில்லை. ஒரு முடி மாட்டினால் அடுத்த முடி அதில் சுற்றும். சுற்றிய முடியில் சோப்பு ஒட்டும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கடின நீரில் இருக்கிற கால்சியம் சோப்போடு சேர்ந்து பசை மாதிரி ஒரு படிவை உண்டாக்கும். அது முடியை முடியோடு ஒட்டும். வலை பின்னுவதும் அதற்குச் சாந்து பூசுவதும் ஒரே சமயத்தில் நடக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு மேலும் இரண்டு சரக்கு சேர்ந்தது. தேங்காய் எண்ணெயும் சீயக்காயும்.

*

அப்பா செப்டம்பரில் போனார். அம்மா டிசம்பரில் வந்தாள். விசா முன்பே இருந்தது, அப்பாவும் அவளும் சேர்ந்து வருவதற்காக வாங்கியது.

அமெரிக்காவுக்கு வருகிற நம்மூர் அம்மாக்கள் குளியல் தொட்டியை நடத்துகிற விதம் ஒன்று உண்டு. தொட்டிக்குள் ஒரு பக்கெட், ஒரு மக், முடிந்தால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. ஷவரை அவர்கள் நம்புவதில்லை. "அது பாட்டுக்கு ஊத்துது, நான் எப்படிடா தேய்க்கிறது?" என்று அம்மா கேட்டாள். ஹோம் டிப்போவில் ஒரு ஆரஞ்சு நிற பக்கெட் வாங்கி வந்தேன். பெயின்ட் அடிப்பவர்கள் வாங்குகிற பக்கெட்டில் அம்மா வெந்நீர் பிடித்து, செவ்வாய், வெள்ளி தவறாமல் தலைக்குக் குளித்தாள். ஊரிலிருந்து சீயக்காய்த் தூள் ரெண்டு கிலோ கொண்டுவந்திருந்தாள். கஸ்டம்ஸில் அது என்ன பொடி என்று கேட்டதற்கு, "ஹேர், ஹேர்" என்று தலையைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊரில் மார்கழிக் காலையில் மட்டும் பாட்டிலில் வெள்ளையாய்க் கட்டும். இங்கே ஜனவரியில் குளியலறை அலமாரியில் அது கல். அம்மா பாட்டிலை வெந்நீர் பக்கெட்டுக்குள் போட்டு உருக்கிக்கொள்வாள். தலையிலிருந்து வழிந்து குழாய்க்குள் போன எண்ணெயை உருக்க யாரும் இல்லை. அது வளைவில் போய் மறுபடி உறைந்துகொண்டது. அதன்மேல் சீயக்காய்த் தூளின் நார். அதற்குள் முடி.

பிப்ரவரி மத்தியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்தது. மகள் அதில் வாத்து விட்டு விளையாடினாள். குளித்து முடித்தும் முக்கால் மணி நேரம் வாத்து மிதந்தது.

"ஆளக் கூப்பிடேன்" என்றாள் அம்மா.

"இதுக்கெல்லாம் இங்க ஆள் வந்தா கதவத் திறக்கிறதுக்கே நூத்தம்பது டாலர் கேப்பாங்கம்மா. நானே பண்ணிடுவேன்."

"நீயா? அதுல நீ கைய வைக்காத."

என் மனைவியின் முடி அடைத்தபோது நானும் அவளும்தான் எடுத்தோம், வீட்டில் அதைப்பற்றி ஒரு பேச்சும் இல்லை. அம்மா சொன்ன குரலில் வேறொன்று இருந்தது. மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாள் நான் ஆபீஸ் காலில் இருக்கும்போது, அவளே ஒரு கெட்டில் நிறையத் தண்ணீர் காய்ச்சி ஊற்றிப் பார்த்திருக்கிறாள். எண்ணெய் கொஞ்சம் இளகியிருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் ஓடியது. பிறகு பழையபடி.

*

அடைப்பை எடுப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. இணையத்தில் எல்லாரும் முதலில் சொல்வது ஆப்ப சோடாவும் வினிகரும். ரெண்டையும் ஊற்றினால் பொங்கும், சத்தம் வரும், ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும். ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகவும் உப்புத் தண்ணீராகவும் முடிந்துபோகும். முடிக்கு அதில் ஒன்றும் ஆகாது. பொறியியல் கல்லூரியின் முதல் வருஷ வேதியியல் எனக்கு வாழ்க்கையில் நேரடியாகப் பயன்பட்ட இடம் இது ஒன்றுதான்.

அடுத்தது கடையில் விற்கிற திராவகப் பாட்டில். அதில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அது உண்மையிலேயே கெரட்டினைக் கரைக்கும், கொழுப்பைச் சோப்பாக்கும். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கிற தொட்டியில் ஊற்றினால் மேலேயே நீர்த்துப்போகும். அடைப்பு விடவில்லை என்றால் தொட்டி நிறையக் காரத் தண்ணீர் நிற்கும். அதற்குப் பிறகு அதில் கை வைப்பவரின் தோலும் கண்ணும் ஆபத்தில் இருக்கும். ஒரு வகை திராவகத்தின்மேல் இன்னொரு வகையை ஊற்றவே கூடாது. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் அது விளையாட்டில்லை.

பிளஞ்சர் என்கிற ரப்பர் கிண்ணம் பரவாயில்லை. தொட்டியில் அதைப் பயன்படுத்த ஒரு சூட்சுமம் உண்டு. தொட்டியின் சுவரில், குழாய்க்குக் கீழே, ஒரு வட்டத் தகடு இருக்கும். தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க வைத்த ஓட்டை அது. அதை ஈரத் துணியால் இறுக்கி அடைக்காமல் கீழே எவ்வளவு அமுக்கினாலும், அழுத்தம் அந்த ஓட்டை வழியாகக் காற்றாகப் போய்விடும்.

இதையெல்லாம் செய்து கை ஓய்ந்த பிறகு எல்லாரும் வந்து சேர்கிற இடம் ஒன்றுதான். மூடியைக் கழற்றி, முடியைக் கையால் எடுப்பது. இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பட்டை விற்கிறார்கள். ரெண்டு அடி நீளம், ரெண்டு பக்கமும் ரம்பப் பல். மூணு நாலு டாலர்தான். உள்ளே விட்டுத் திருப்பி மெதுவாக இழுக்க வேண்டும். பல் முடியைப் பிடித்துக்கொண்டு வரும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் குழாய்களைப் பற்றி மனித குலம் யோசித்த யோசனையெல்லாம், கடைசியில் ஒரு நீளமான சீப்பாக வந்து நிற்கிறது.

சனிக்கிழமை காலையில், அம்மா மகளோடு கீழே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்தேன். முதல் இழுப்பில் ஒரு விரல் அளவு வந்தது. இரண்டாவது இழுப்பில் பட்டை நகரவே இல்லை. கொஞ்சம் விட்டு, திருப்பி, மறுபடி இழுத்தேன். எலி ஒன்றை வாலைப் பிடித்து இழுப்பது மாதிரி, கருப்பாய், வழவழவென்று, முழங்கை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. நாற்றம் வயிற்றைப் புரட்டியது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நக்கீரர் சிவனோடு வழக்காடிய கதை நமக்குத் தெரியும். பெரிய சபை அது. குழாயைத் திறந்து பார்த்தவர் அங்கே ஒருவர் இருந்திருந்தால் வழக்கு சீக்கிரம் முடிந்திருக்கும்.

குப்பையில் போடுவதற்கு முன்னால் பழைய செய்தித்தாளில் வைத்து அதைப் பிரித்துப் பார்த்தேன். பிழையைச் சரிசெய்த பிறகும் லாகைப் படிக்கிற பழக்கம். அம்மாவுடைய முடி நீளம் என்பதால் தனியாகத் தெரிந்தது. அம்மா இருபது வருஷமாக டை அடிக்கிறவள். அப்பாதான் மாசத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, பின்னந்தலையில் கை எட்டாத இடத்தில் பிரஷால் பூசிவிடுவார். ஆகஸ்டோடு அது நின்றது. சில முடிகளில் வேர்ப் பக்கம் ஒரு விரற்கடை வெள்ளை, அதற்கு மேல் முழுக்கக் கருப்பு. அவை அப்பா போன பிறகும் ரெண்டு மாசம் வளர்ந்து, பிறகு நின்று, பிறகு உதிர்ந்தவை. ஆனால் அந்தக் கற்றையில் நிறைய முடிகளில் வெள்ளையே கிட்டத்தட்ட இல்லை. நுனியிலிருந்து வேர் வரைக்கும் கருப்பு. அவை அந்த செப்டம்பரிலேயே வளர்வதை நிறுத்திக்கொண்டவை. விழுவதற்குத்தான் மூணு மாசம் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அம்மா காரியம் நடந்த பதினாறு நாளும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். வங்கிக் கணக்கை மாற்றினாள், கேஸ் இணைப்பை மாற்றினாள். எல்லாரும் "தைரியமான பொம்பள" என்றார்கள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டு விமானம் ஏறினேன்.

*

அவள் ஏன் கை வைக்காதே என்றாள் என்பதற்கு ரெண்டு பதில் இருக்கிறது.

முதல் பதில் முடி. நம் பெண்கள் உதிர்ந்த முடியை யார் கண்ணிலும் காட்ட மாட்டார்கள். சீப்பில் வந்ததை விரலில் சுருட்டி உருண்டையாக்கி, எச்சில் தொட்டு, தூக்கிப் போடுவார்கள். ஓட்டு வீடுகளில் இடுக்கில் சொருகி வைப்பார்கள். தெருவில் முடி வாங்க வருகிறவரிடம் அதைக் கொடுத்து ஹேர்பின்னோ பாத்திரமோ வாங்குவார்கள். தலையில் இருக்கும்வரைதான் அது கூந்தல். கீழே விழுந்துவிட்டால் அதற்கு மூன்றெழுத்து வார்த்தை, அதுவும் வசவு. நிலையிலிருந்து தாழ்ந்த மனிதரைச் சொல்ல வள்ளுவருக்குக் கிடைத்த உவமையே தலையிலிருந்து உதிர்ந்த மயிர்தான். ஒரே பொருள், ஒரு சாண் கீழே இறங்கினதும் பெயர், மதிப்பு எல்லாம் மாறிப்போகிறது. அமெரிக்காவில் சொருகுவதற்கு ஓட்டு இடுக்கு இல்லை, சுருட்டிப் போடக் கொல்லை இல்லை. அம்மா அதைத் தண்ணீரோடு விட்டாள். தண்ணீர் அதை வைத்திருந்து என்னிடம் கொடுத்தது.

இரண்டாவது பதில் கை.

டெல்டாவில் எங்கள் வீட்டுக் குளியலறை பின்கட்டில். தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கொல்லையில் இறங்கி, சந்து ஓரமாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை அடைக்கும். அடைத்தால் அப்பா ஒருவருக்குச் சொல்லி அனுப்புவார். நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை வருவார். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அம்மாவை "அம்மா" என்றும் அப்பாவை "ஐயா" என்றும் கூப்பிட்டார். முன்வாசல் வழியாக அவர் ஒருநாளும் வந்ததில்லை. சந்துக் கதவு அவருக்கென்றே வைத்தது மாதிரி.

அவரிடம் ஒரு மூங்கில் பிளாச்சு இருக்கும். பத்து அடி நீளம், வில்லாய் வளையும். அதைக் குழாய்க்குள் விட்டுக் குத்துவார். அதற்கு வராதது கைக்கு வரும். உட்கார்ந்து, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விடுவார். கையுறையெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. எடுத்ததை ஓரமாகக் குவிப்பார். அம்மாவின் முடியும், அத்தையின் முடியும், பாட்டியின் வெள்ளை முடியும் அதில்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் யார் கண்ணிலும் காட்டாததை, வருஷா வருஷம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் பார்ப்பதை யாரும் பார்ப்பதாகக் கணக்கில் வைக்கவில்லை. காசைத் திட்டில் வைப்பார்கள். டீ, கொல்லை மாடத்தில் தனியாக இருந்த டம்ளரில்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொல்லி 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. அதாவது முதல் சட்டம் வந்து முப்பது வருஷம் கழித்தும், சாவுக்கான தொகையைத் திருத்த வேண்டிய தேவை நீதிமன்றத்துக்கு இருந்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-ல் வெளிவந்தபோது அதை முழுசாகப் பார்க்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும். இந்தச் சட்டங்கள் பேசுவது மலக்குழியையும் பாதாளச் சாக்கடையையும். வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அவற்றின் கணக்கில் வராது. ஆனால் அங்கே இறங்குகிற கையும் எங்கள் கொல்லைக் குழாயில் நுழைந்த கையும் ஒரே தெருவிலிருந்து வந்த கைகள்.

"அதுல நீ கைய வைக்காத" என்ற வாக்கியத்தில் அழுத்தம் 'நீ'யில் இருந்தது. அழுக்கில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அதற்குப் பொருளில்லை. கை வைக்க ஆள் இருக்கிறது என்று பொருள். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாசத்தில் சொன்னாள். பாசத்துக்குள் அது எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

இங்கே வந்த நாமெல்லாம் நம் கையாலேயே அடைப்பு எடுக்கிறோம். கழிப்பறை கழுவுகிறோம், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டுகிறோம். இதை வைத்துச் சிலர் அமெரிக்கா வந்து உழைப்பின் மரியாதையைக் கற்றுக்கொண்டோம் என்று பேசுவதைப் பொங்கல் விழாக்களில் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை எனக்கு நம்ப முடிவதில்லை. இங்கே ஆள் கூலி நூற்றைம்பது டாலர், அதனால் நாமே செய்கிறோம். அதே நபர் ஊருக்கு மூணு வார லீவில் போனால், குளியலறை அடைத்த அன்றைக்கு சாயங்காலமே "யாரையாவது வரச் சொல்லுங்க" என்பார். கை மாறவில்லை. கூலிதான் மாறியிருக்கிறது.

*

அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஓட்டைக்கு மேல் சின்னச் சுழல் ஒன்று உண்டாகி, கடைசியில் ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு போனது. மாடிக்கு வந்த அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாசலில் நின்றாள். செய்தித்தாள் சுருட்டலைப் பார்த்தாள்.

"என்னுதா?"

"எல்லாருதும்தாம்மா."

"ரொம்பவா?"

"இருந்துச்சு. டாக்டர் சொல்வாரு, இது தானா நின்னுடுமாம். அவளுக்கும் பாப்பா பொறந்தப்ப இப்படித்தான் கொட்டுச்சு, இப்பப் பாரு."

அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "உங்கப்பா இருந்தா திட்டியிருப்பாரு, தலைக்கு ஒழுங்கா எண்ணெ வைக்கலன்னு" என்றாள். பிறகு என் கையிலிருந்த பட்டையை வாங்கி, பல்லில் மாட்டியிருந்த ரெண்டு முடியை நகத்தால் எடுத்தாள். கழுவி, குழாய்க்குப் பின்னால் நிறுத்தி வைத்தாள். செப்டம்பரைப் பற்றி அவள் என்னிடம் நேராகப் பேசியது அந்த மார்ச்சில்தான், கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் ராத்திரி பாத்திரம் துலக்கும்போது. தொட்டி சரியானதால் பேசினாள் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் நான் கேட்கவில்லை, பிறகு கேட்டேன், அவ்வளவுதான். எதைக் கேட்க வேண்டும் என்பது அந்தச் செய்தித்தாளில் இருந்தது.

இப்போது ஓட்டைக்கு மேல் சிலிக்கான் சல்லடை ஒன்று போட்டிருக்கிறோம். குளித்து முடித்தவர் தன் முடியைத் தானே எடுத்துக் குப்பையில் போட வேண்டும். மகளுக்கு ஆறு வயது, அவளுக்கும் அதே விதி. அவளுக்கு அது அருவருப்பாகத் தெரியவில்லை. தினமும் எத்தனை முடி என்று எண்ணிச் சொல்கிறாள்.

மே மாசம் அம்மா கிளம்பினாள். ரெண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. பாதாம், சாக்லேட், அக்கம்பக்கத்துக்கு வைட்டமின் மாத்திரை, பேரப்பிள்ளைகளுக்கு டிரஸ் என்று வழக்கமான சாமான்கள். எடை பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"தம்பி, அந்தப் பல்லு வச்ச பட்டை இருக்குல்ல, அதுல ஒரு அஞ்சாறு வாங்கிப் போடு."

"எதுக்கும்மா? அங்கதான் அவர் வர்றாரே."

"எங்க வர்றாரு? அவருக்கு முடியல, ரெண்டு வருசமாச்சு. மவன்கிட்ட சொல்லி விட்டா, அவன் திருப்பூர்ல கம்பெனில இருக்கான். 'அந்த வேலைக்கு எங்க வீட்லேருந்து இனிமே யாரும் வர மாட்டாங்க, வேற ஆளப் பாத்துக்குங்க'ன்னு போன்லயே சொல்லிட்டானாம். உங்கப்பாவுக்கு அப்ப ஒரே கோவம்."

"உனக்கு?"

அம்மா கொஞ்ச நேரம் பெட்டியின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சொன்னது நியாயந்தானே" என்றாள். "எடை இருக்கா பாரு, பட்டை ஒண்ணும் கனக்காது."